கேடயத்தின் இடப்பாதி

எனக்குச் சின்ன வயதிலிருந்தே இடக்கைப் பழக்கம். ஒலிவ மரத்தைக் கவாத்து செய்வது, வேலி கட்டுவது, ஆட்டுக்கு மயிர் கத்தரிப்பது எல்லாம் இடக்கையால்தான். அதனால் என் இடது முன்கை வலதைவிட நல்ல தடிமன். எங்கள் கொல்லன் கேடயத்துக்கு அளவெடுக்கும்போது சிரிப்பான். "இது கையா, தொடையா, பிலித்தாஸ்?" என்பான். நானும் கூடச் சிரிப்பேன். சிரிக்கத் தெரியாதவன் என்று என்னைப் பற்றி இந்தக் கலாத்ரா ஊரில் யாரும் சொன்னதில்லை.

உட்கார முக்காலி போட்டதற்கும் குடிக்கத் தண்ணீர் கொடுத்ததற்கும் நன்றி, ஐயா. எழுதுகிறவர் மெழுகுப் பலகையில் எழுதுவதால் நிதானமாகவே சொல்கிறேன். எனக்கும் அவசரம் இல்லை. அறுவடை முடிந்துவிட்டது, போரடித்தும் ஆயிற்று. நேற்று விசாரணையில் நான் சொன்னதில் ஒரு விஷயம் மட்டும் சரியில்லை. அதைத் திருத்த வேண்டும். ஆனால் எழுத்தில் நிற்கப்போவது என்பதால் முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

போர் வரிசையில் நிற்பவன் கேடயத்தை இடக்கையில்தான் பிடிக்க வேண்டும். இடக்கைக்காரன் என்பதற்காக எனக்கு மட்டும் சலுகை கிடையாது. ஒருவன் மாற்றிப் பிடித்தால் வரிசையில் ஓட்டை விழும். நடுவில் இருக்கும், உள்ளே தோல் வைத்த வெண்கல வளையத்துக்குள் முழங்கை வரை கையை நுழைத்து, விளிம்பில் இருக்கும் கயிற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். வளையம் அவனவன் கைக்கு அளவெடுத்துச் செய்தது. அப்படிப் பிடிக்கும்போது கேடயத்தின் வலப்பாதிதான் நம்மை மறைக்கும். இடப்பாதி வெளியே நீட்டிக்கொண்டு, நமக்கு இடப்பக்கம் நிற்பவனை மறைக்கும். நம் வலப்பக்கத்தை மறைப்பது நமக்கு வலப்புறம் நிற்பவன் வேலை. யாரும் தன்னைத் தானே முழுதாகக் காப்பாற்றிக்கொள்ள முடியாது. நல்ல ஏற்பாடுதான். நான் குறை சொல்ல மாட்டேன்.

அதனால்தான் நம் ஊரில் பெண் கொடுத்தவன் மாப்பிள்ளையின் வலப்பக்கம் நிற்கிறான். கல்யாணத்தன்று பெண்ணின் அண்ணன் வாசலில் கேடயத்தைத் தூக்கிப் பிடித்து, "இதில் இடப்பாதி உன் புருஷனுக்கு" என்று சொல்ல வேண்டும். பெண் அந்தப் பாதியில் தேன் தடவுவாள். பதினாறு வருடத்துக்கு முன்னால் என் தங்கை திமாரெத்தாவுக்கு நானும் அப்படிச் சொன்னேன். அவள் தாராளமாகவே தடவினாள். தேன் வழிந்து என் காலில் சொட்டியது. மாப்பிள்ளை அக்னோன் அதைப் பார்த்து, "மச்சான், எறும்பு வந்தா கேடயத்தப் போட்டுட்டு ஓடிராத" என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

அக்னோன் ஒல்லி. வாய் மட்டும் ஓயாது. அவன் வயலும் என் வயலும் அடுத்தடுத்து. வரப்புத் தகராறு, தண்ணீர்த் தகராறு எதுவும் எங்களுக்குள் வந்ததில்லை. அவன்மேல் எனக்கு எந்தக் காலத்திலும் வருத்தம் இருந்ததில்லை, இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். அவன் கை எவ்வளவு மெலிசு என்றால், கொல்லன் அவனுக்குச் சின்னதாகச் செய்த வளையமும் தளர்ந்துதான் கிடந்தது. "எனக்கு என் பொண்டாட்டி வளையல் போதும், கொல்லரே" என்று அவனே கேலி செய்துகொள்வான். திமாரெத்தா கம்பளி நூலை அடித்துத் திரட்டி, அந்த வளையத்துக்கு உள்பக்கமாக மெத்தை வைத்துத் தைத்துக் கொடுத்தாள்.

பதினோரு வருடத்துக்கு முன்னால், மெத்திலாக்காரர்களோடு மேய்ச்சல் சமவெளிக்காகச் சண்டை வந்தது. எங்களை இடக்கோடியில் நிறுத்தினார்கள். நிறுத்தியது நீங்கள்தான், நடுவில் உட்கார்ந்திருக்கும் ஐயா. குறையாகச் சொல்லவில்லை. எதிரே அவர்களுடைய தேர்ந்த ஆட்கள் நின்றார்கள். அறுத்த பார்லிக் கட்டைகள் காலில் குத்தின. வெயில் வெண்கலத்தில் பட்டுக் கண் கூசியது. ஆட்டை வெட்டி, சகுனம் நல்லது என்று குறிசொல்பவர் கத்தினார். குழல் ஊத ஆரம்பித்தது.

"மச்சான், வலப்பக்கமா ரொம்ப ஒதுங்கிட்டே போற. கொஞ்சம் இந்தப் பக்கம் வா" என்றான் அக்னோன். "உன் பாதியிலதான் என் பாதி உசுரு இருக்கு."

"பேசாம வா" என்றேன்.

"நாக்கு நின்னா காலும் நின்னுரும்போல இருக்கு. அதான் பேசுறேன்."

மோதல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். முதலில் சத்தம்தான். அதற்குப் பிறகு தள்ளுமுள்ளு. எனக்கு முன்னால் ஒரு தாடிக்காரன் இருந்தான். அவன் பற்கள் எனக்கு இன்னும் நினைவிருக்கின்றன. நான் ஒரு அடி பின்னால் வைத்தேன். எல்லோரும் சில சமயம் பின்னால் வைப்பதுதான். அடுத்து இன்னொரு அடி. ஓடினேன் என்று என் தங்கை சொல்கிறாள், அவள் அங்கே இல்லை. பின்னால் நகர்ந்துகொண்டிருந்தேன், அந்த நகர்தல் வேகமாகிவிட்டது. கேடயம் இரண்டு ஆட்டுக்குட்டி கனம் இருக்கும். கயிற்றை விட்டதும் கை வளையத்திலிருந்து தானாக வெளியே வந்துவிட்டது. நான் எடுத்து எறியவில்லை. எறிவது வேறு, விடுவது வேறு.

மேட்டுக்குப் பின்னால் ஒரு காய்ந்த ஓடை இருந்தது. அரளிப் புதருக்குள் உட்கார்ந்திருந்தேன். எங்கள் பக்கம் உடைந்து, மெத்திலாக்காரர்கள் என்னைக் கடந்து போனார்கள். கொஞ்ச நேரம் கழித்து அவர்களே திரும்பி ஓடினார்கள், ஏனென்றால் நம் வலக்கோடி அவர்களை அடித்து விரட்டிவிட்டது. ஓடுகிற ஓட்டத்திலும் யாரோ ஒருவன் என் கேடயத்தைப் பொறுக்கிக்கொண்டு போயிருக்கிறான். நான் எழுந்து வந்தபோது அது விட்ட இடத்தில் இல்லை.

அக்னோன் ஒரு காட்டுப் பேரி மரத்தடியில் இருந்தான். அவன் கேடயத்தை நான் எடுத்துக்கொண்டேன். எடுக்கும்போது அவன் இறந்து கிடந்தான் என்று நேற்று சொன்னேன். அதைத்தான் திருத்த வேண்டும் என்றேன். அதற்கு வருகிறேன்.

எல்லாக் கேடயங்களிலும் நம் ஊர்க் காட்டுப்பன்றியைத்தான் ஒரே ஆள் ஒரே மாதிரி வரைகிறான். வெளியே பார்த்தால் யாருடையது என்று தெரியாது. உள்ளே இருந்த கம்பளி மெத்தையை மட்டும் பிய்த்து ஓடைக்குள் புதைத்தேன். அப்படியும் வளையம் என் கைக்கு ஏறவில்லை. எச்சில் தடவித் தள்ளினேன். கைத்தோல் உரிந்தது, ஏறிவிட்டது.

அன்று சாயங்காலம் இறந்தவர்களைச் சேர்த்தார்கள். முப்பத்தோரு உடல்கள், முப்பது கேடயங்கள். அக்னோனிடம் கேடயம் இல்லை. காயம் முதுகில் இருந்தது. அது என்ன அர்த்தம் என்று நம் ஊரில் குழந்தைக்கும் தெரியும். அவனுக்குப் பக்கத்தில் நின்றவன் என்பதால் என்னைக் கேட்டீர்கள்.

"ஓடினான். கேடயத்தப் போட்டுட்டு ஓடினான். கூப்பிட்டுப் பாத்தேன், நிக்கல" என்றேன்.

அழுதுகொண்டேதான் சொன்னேன். அந்தக் கண்ணீர் பொய்யில்லை. என்னோடு நின்ற பலர் அதைப் பார்த்து என் தோளைத் தட்டினார்கள்.

முப்பது பேரின் சாம்பல் வாசல் பக்கத்துக் கல்லறைக்குப் போனது. முப்பது பேரின் பெயர் கல்லில் ஏறியது. அக்னோனை வடக்கே சுண்ணாம்புக் காளவாய்க்குப் பின்னால் புதைத்தோம். பாட்டு இல்லை, திராட்சைரசம் ஊற்றவும் அனுமதி இல்லை. போரில் செத்தவர்களைக் கழுவ வீட்டுப் பெண்களுக்கு வாய்ப்பு கிடைப்பதில்லை. இவன் போரில் செத்தவனாகக் கணக்கில்லை என்பதால் திமாரெத்தாவுக்கு அது கிடைத்தது. அவள்தான் கழுவினாள். அதை அப்போது நான் பெரிதாக நினைக்கவில்லை.

தங்கையையும் அவள் மகள் நிகாசோவையும் என் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டேன். குழந்தைக்கு அப்போது நான்கு வயது. தெற்கு பார்த்த நல்ல அறையைக் கொடுத்தேன். என் தட்டில் விழுந்ததுதான் அவர்கள் தட்டிலும் விழுந்தது. கிணற்றடியில் பெண்கள் திமாரெத்தாவை "கேடயம் போட்டவன் பொண்டாட்டி" என்று கூப்பிட்டபோது, நானே அவர்கள் புருஷன்மார் வீட்டுக்குப் போய்ச் சத்தம் போட்டுவிட்டு வந்தேன். நிகாசோவுக்கு இப்போது பதினைந்து. பெண் கேட்டு யாரும் படியேறவில்லை. ஓடினவன் ரத்தத்தை யார் வீட்டுக்குள் விடுவார்கள்? அதற்கும் என் நெஞ்சு வலித்திருக்கிறது. வலிக்கவில்லை என்று சொன்னால்தான் பொய்.

அந்தக் கேடயத்தோடு இன்னும் இரண்டு போருக்குப் போனேன். இரண்டிலும் முன்வரிசை. இப்போது எனக்கு இடப்பக்கம் நிற்பவன் மோலோன், அவனைக் கூப்பிட்டுக் கேளுங்கள், என் கேடயம் அவன் வலப்பக்கத்தை விட்டு விரல் அளவு நகர்ந்ததா என்று. இரண்டாவது போரில் நீங்கள்தான் எனக்கு இலைமுடி சூட்டினீர்கள். ஒருவகையில் அது அக்னோனின் கேடயத்துக்கும் கிடைத்த மரியாதைதான் என்று நினைத்துக்கொண்டேன். அவனிடமே இருந்திருந்தால் அதற்கு இவ்வளவு பெயர் வந்திருக்காது.

வளையம் மட்டும் கடைசிவரை பழகவில்லை. ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் கை புண்ணாகிவிடும். திமாரெத்தாதான் எண்ணெயும் தேன்மெழுகும் காய்ச்சிப் போடுவாள்.

"ஏண்ணே, வயசானா கை பருக்குமா?" என்று ஒருநாள் கேட்டாள். "கொல்லர்கிட்டக் குடுத்து வளையத்தப் பெருசு பண்ணிக்கயேன். எதுக்கு இந்த அவஸ்தை?"

"பழகின கேடயம்மா. கை வச்சா ராசி போயிடும்."

"ராசியாம் ராசி. தோலு கிழிஞ்சு தொங்குது" என்று திட்டிக்கொண்டே துணி சுற்றினாள். பதினோரு வருடம் அவள் சுற்றினாள். அவள் கை மிகவும் மென்மையானது.

இந்த வசந்தத்தில் மெத்திலாவோடு சமாதானம் ஆயிற்று. அவர்கள் அம்மன் திருவிழாவுக்கு நம் பெண்களும் ஊர்வலமாகப் போனார்கள். போரில் எடுத்த கேடயங்களை அவர்கள் கோயில் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார்கள், நாம் நம் கோயிலில் மாட்டுவதுபோலத்தான். அந்தப் போரிலிருந்து ஒரே ஒரு கலாத்ராக் கேடயம் அங்கே இருக்கிறது. "இது உங்க ஊரு வீரரோடது" என்று அவர்கள் பெண்கள் காட்டிச் சிரித்தார்களாம். அக்னோனுடையதுதான் என்று நினைத்துத் திமாரெத்தா அதைக் கீழே இறக்கச் சொன்னாள். காறித் துப்பத்தான் நினைத்தாளாம், அவளே சொன்னாள். அல்லது தொட்டுப் பார்க்க. எது என்று அவளுக்கே அப்போது தெரியவில்லையாம்.

உள்பக்கம் திருப்பிப் பார்த்திருக்கிறாள். வளையம் பெரிது. மெத்தை தைத்த ஊசித் துளைகூட இல்லை. விளிம்புக் கயிற்றில் ஒரு முடிச்சு இருந்தது. நான் போடும் முடிச்சு எல்லோருடையதையும் போல இருக்காது, எதிர்ப்பக்கமாகச் சுற்றும். சின்ன வயதில் அவள் பாவாடை நாடாவை நான் முடிந்துவிட்டால் அவிழ்க்கத் தெரியாமல் அழுவாள். கோயில்காரக் கிழவியிடம் கெஞ்சி அந்தக் கயிற்றை வெட்டி வாங்கி வந்துவிட்டாள்.

மறுநாள் மதியம் நான் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தட்டுக்குப் பக்கத்தில் அதை வைத்தாள்.

"இது யாரு போட்ட முடிச்சுண்ணே?"

நான் பார்த்தேன். வாயில் ரொட்டி இருந்தது.

"பதினோரு வருஷம் உன் கையில மருந்து போட்டிருக்கேன்" என்றாள். "அவரு கேடயம் கிழிச்ச புண்ணுக்கு." சத்தம் போடவில்லை. எழுந்து நேராக உங்களிடம் வந்துவிட்டாள்.

கேடயம் மாறியதை நேற்றே ஒப்புக்கொண்டேன். செத்தவனிடமிருந்து எடுத்தேன், அவன் பெயரைக் கெடுத்தது தப்பு, அவ்வளவுதான் என்றேன். அத்தோடு முடிந்திருக்கும். இன்று காலை அவள் சொன்ன இரண்டாவது விஷயத்தை வாசித்தீர்கள். கழுவும்போது அக்னோனின் வலத்தொடையில் ஒரு காயம் இருந்தது, அது துணி கிழித்துக் கட்டப்பட்டிருந்தது. அவள் நெய்த துணி. எங்கள் இரண்டு பேர் அங்கியும் ஒரே தறியில் ஒரே நூலில் அவள் நெய்தது என்பதால், அவனே கிழித்துக் கட்டிக்கொண்டான் என்று நினைத்திருக்கிறாள். இப்போது யோசித்துப் பார்த்தால் அவன் அங்கியின் ஓரம் முழுசாக இருந்தது என்கிறாள். "கேடயத்தப் போட்டுட்டு ஓடுனவருக்கு நின்னு கட்டுப் போட்டுவிட்டது யாரு?" என்று கேட்டிருக்கிறாள். நியாயமான கேள்வி. பதினோரு வருடமாக யாரும் கேட்காததுதான் எனக்கு ஆச்சரியம்.

நான்தான் கட்டினேன். நன்றாகவே கட்டினேன். ரத்தம் நின்றுவிட்டது.

அவன் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். நான் விட்டு வந்த பக்கமாகத்தான் ஈட்டி நுழைந்திருந்தது, வலத்தொடையில், மேலாக. எலும்பில் படவில்லை. ஒரு மாதம் நொண்டியிருப்பான். கேடயம் மடியில் இருந்தது. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. உயிரோடு வந்தேனே என்று உண்மையாகவே சந்தோஷப்பட்டான்.

"மச்சான், உன் பன்னி எங்க? மேய விட்டுட்டியா?"

உட்கார்ந்து என் அங்கியைக் கிழித்துக் கட்டுப் போட்டேன். அக்னோன் பேசாமல் இருந்து அன்றுதான் பார்த்தேன். பிறகு கையை வளையத்திலிருந்து உருவி, கேடயத்தை என் பக்கம் தள்ளினான்.

"இத நீ எடுத்துக்க. அடிபட்டவனத் தூக்கிட்டுப் போறப்ப எவனும் கேடயம் எங்கன்னு கேக்க மாட்டான். கேட்டா உருண்டு போச்சும்பேன். நீ நல்ல காலோட வெறுங்கையா போனா ஊரு உன்னச் சும்மா விடாது."

"அக்னோன்..."

"நா சொல்ல மாட்டேன் மச்சான். உன் தங்கச்சிகிட்டகூடச் சொல்ல மாட்டேன். பயம் யாருக்குத்தான் இல்ல? அடுத்த தடவ கொஞ்சம் கிட்ட நின்னுக்க, போதும்."

அவன் சொல்லியிருக்க மாட்டான். அது எனக்கு அப்போதே தெரியும். அவன் வாய்க்குப் பயந்து செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள், அது அவனுக்கு அவமரியாதை. சாகும்வரை காப்பாற்றியிருப்பான். பக்கத்து வயலில் நின்று கையாட்டியிருப்பான். விருந்தில் எனக்கு முதல் கிண்ணம் ஊற்றியிருப்பான். பன்றி என்று யாராவது பேச்செடுத்தால் பேச்சை மாற்றியிருப்பான், எனக்காக. ஒவ்வொரு நாளும் என்னை மன்னித்துக்கொண்டே இருந்திருப்பான், ஐயா. அதை யோசித்துப் பார்த்தேன். ஒரு மனிதன் எத்தனை வருடம் அதைத் தாங்க முடியும்? நீங்களே சொல்லுங்கள்.

அவன் ஈட்டி பக்கத்தில் கிடந்தது. காயம் முன்பக்கம் இருக்கக்கூடாது என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. நான் பதறவில்லை.

"கொஞ்சம் திரும்பு. முதுகுல எங்கயாவது பட்டிருக்கான்னு பாக்குறேன்" என்றேன்.

தொடை வலியோடு முனகிக்கொண்டே திரும்பிப் படுத்தான். முகத்தைக் கட்டைவயலில் வைத்துக்கொண்டு, "நல்லாப் பாரு. காயம் இருக்கா மச்சான்?" என்று கேட்டான்.

இல்லை என்று சொன்னேன். ஈட்டியை எடுத்தது அதற்குப் பிறகுதான். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா, அவன் பெயரைக் கல்லில் ஏற்றும்போது திமாரெத்தாவிடம் சொல்லுங்கள்: அக்னோனிடம் நான் ஒரு பொய்யும் சொன்னதில்லை.